பெயரில்லாத மூன்று படைகள்

அடுகோடி, பெங்களூரு
4 ஆகஸ்ட் 2024

லக்கசாந்தியாவின் வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

சீனி, மேலே உள்ள வரி சட்டத்துக்காக எழுதியது. மரியாதைக்காக அல்ல.

எட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. உன் எண்ணை என் போனில் முடக்கி வைத்தது அப்படியேதான் இருக்கிறது. இரு நாடுகளுக்கும் இடையே எந்தப் பேச்சும் தபாலில்தான் என்று பள்ளிக்கூட நாளில் நாம் எழுதிய விதியை நான் இன்னும் மதிக்கிறேன். அதனால்தான், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய அத்திபெலேக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அடகோவியா மூன்று புதிய படைகளைத் திரட்டியிருக்கிறது. ஒரு காலாட்படை, ஒரு குதிரைப்படை, ஒரு பீரங்கிப்படை. மூன்றும் விரலளவுப் பொம்மைச் சிப்பாய்களாக, வண்ணம் தீட்டி, வார்னிஷ் காய்ந்து, கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. பெயர் மட்டும் இல்லை.

நீ மறந்திருக்கலாம், நினைவூட்டுகிறேன். அடுகோடிப் பையன் நான், லக்கசந்திராப் பையன் நீ. ஒரு வரைபடத் தாளில் ஆற்றை வரைந்து, இந்தக் கரை அடகோவியா என்று நானும் அந்தக் கரை லக்கசாந்தியா என்று நீயும் பிரித்துக்கொண்டோம். அன்றைக்கே முடிவு செய்தோம்: புதிய படைக்கு அதன் சொந்தக்காரன் பெயர் வைக்கக்கூடாது. யார் அந்தப் படையைக் கண்டு பயப்பட வேண்டுமோ அவன்தான் வைக்க வேண்டும். பெயரில்லாத படை விளையாட்டு மேசைக்கு வரக்கூடாது.

என் முதல் காலாட்படை ஆற்றில் இறங்க மறுத்துக் கரையிலேயே நின்றதால் அதற்கு நீ 'நனைந்த பூனைகள்' என்று பெயர் வைத்தாய். நனையவே இல்லை, அது வேறு. உன் மன்னரின் மெய்க்காவல் படைக்கு நான் 'மத்தியானத் தூக்கம்' என்று வைத்தேன். கடைசியாக நாம் விளையாடிய அன்று, ஒரு கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நனைந்த பூனைகள் உன் பாலத்தைப் பிடித்தன. "நனைந்த பூனைகளிடம் பாலம் போச்சு" என்று உன் வாயாலேயே சொல்லித் தோல்வியை ஒப்புக்கொண்டாய். ஒரு படைக்கு அதைவிடப் பெரிய பதக்கம் கிடையாது.

மறுவாரம் நாளிதழில் படம் வந்ததைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. 'தான் உருவாக்கிய கற்பனை நாடுகளுடன் சீனிவாசராகவன். அருகில் அவரது உதவியாளர்.' பேசப்போவதில்லை என்றேன் அல்லவா, பேசவில்லை.

டிசம்பரில் நகரத்து மேசைப்போர் விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். எனக்கு ஒரு முழு மேசை கொடுத்திருக்கிறார்கள். முன்னால் பலகை வைப்பார்கள்: 'அடகோவியா. உருவாக்கியவர்: கிளாரன்ஸ்.' அதற்குள் மூன்று பெயர்கள் வேண்டும். பெயர்கள் மட்டும் போதும். நலம் விசாரிக்கத் தேவையில்லை.

கிளாரன்ஸ்
அடகோவியாவின் மன்னர், தலைமைத் தளபதி

*

அத்திபெலே
23 ஆகஸ்ட் 2024

அடகோவியாவின் மன்னருக்கு,

உன் ரிஜிஸ்தர் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அலர்மேல்மங்கை. "ஏன்னா, உங்க சத்ரு லெட்டர் போட்டிருக்கான். எழுத்தைப் பார்த்தா இன்னும் கோபமாத்தான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உறையின் மேல் முகவரியைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ 'அ'வை எழுதும் விதம் அப்படி. தாளைக் குத்திக் கிழிப்பாய்.

பேசவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசியதற்குப் பதில். நான் அந்தப் பத்திரிகைக்காரரிடம் இரண்டு பெயர்களையும் சொன்னேன். அச்சில் எப்படி வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். திருத்தம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை, அது உண்மை. என் பாலம் போயிருந்தது. உனக்குப் பாலம், எனக்கு அந்த ஒரு வரி, சரியாகப் போயிற்று என்று இருந்தேன். இரண்டு நாளில் போன் செய்து கத்துவாய், நான் சிரிப்பேன், நீ இன்னும் கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். எட்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று யாருக்குத் தெரியும்?

உன் மேசைக்கு வாழ்த்துகள். பெயர் சூட்டும் நிலையில் லக்கசாந்தியா இப்போது இல்லை. காரணம் கேட்காதே. நீயே மூன்று பெயர்களை வைத்துக்கொள். யாருக்குத் தெரியப்போகிறது?

சீனிவாசராகவன்

*

அடுகோடி
15 செப்டம்பர் 2024

சீனி,

யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும்.

நீ பார்க்காத படைகளைப் பற்றிச் சொல்கிறேன், கேள். காலாட்படைக்கு நம் பழைய ஈய அச்சுகள் போதவில்லை. பொம்மனஹள்ளியில் ஷில்பா என்று ஒரு பெண், முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கிறாள். நான் வரைந்து கொடுத்ததை அப்படியே ரெசினில் எடுத்துக் கொடுத்தாள். தொப்பியின் நாடா, துப்பாக்கியின் வார், சட்டைப் பொத்தான் எல்லாம் வந்திருக்கின்றன. முதல் நாள் அவள் கேட்டாள்: "சார், இது எந்த கன்ட்ரி ஆர்மி?"

"இல்லாத கன்ட்ரிம்மா."

"ஹௌதா, அப்படியா? அப்ப விசா பிரச்னையே இல்ல, ஆராமா போய்ட்டு வரலாம்."

என் சிவப்பு உனக்கு நினைவிருக்கும், செங்கல் சிவப்பு. அதற்கு அடியில் பழுப்பு, மடிப்புகளில் கருஞ்சிவப்பு, தோளில் வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் ஆரஞ்சு கலந்த ஒரு கோடு. குதிரைகளில் எந்த இரண்டும் ஒரே நிறமில்லை. ஒரு குதிரைக்கு இடது பின்னங்காலில் மட்டும் வெள்ளை. அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. நான் கவனித்திருக்கிறேன். பீரங்கிப் படையில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். அவன் முகத்தைச் சரியாகக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்துக்கொள். அடிக்கத்தான் செய்கிறேன். இந்த நகரத்தில் இப்படி ஒரு படை வேறு யாரிடமும் இல்லை.

டீனாவுக்கு நம் விவகாரம் முழுதும் தெரியும். "ஏங்க, பட்டன் பட்டனா பெயின்ட் அடிக்க முடியுது, அந்த மனுஷனுக்கு ஒரு போன் போட முடியலையா?" என்கிறாள். பட்டனுக்கு நாக்கு கிடையாது என்று சொன்னேன்.

உனக்கு அந்த 'உதவியாளர்' வெறும் ஒரு வரி. எனக்கு அப்படியல்ல. கல்லூரியில் நான் வடிவமைத்த வரலாற்றுப் பாடத்திட்டத்தில் துறைத் தலைவரின் பெயர் இருக்கிறது. என்னிடம் படித்துவிட்டுப் போனவர் அவர். கோயிலில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் குடிலை நான்தான் கட்டுகிறேன், வைக்கோல் முதல் நட்சத்திரம் வரை. பூசை முடிந்து நன்றி சொல்லும்போது துணி கொடுத்தவர், விளக்குக் கொடுத்தவர் எல்லோர் பெயரும் வரும். கடைசியில் 'மற்றும் பலர்'. அந்தப் பலர் நான்தான். இவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் அடகோவியாவில் நான் மன்னன். அங்கேயும் என்னை உதவியாளன் ஆக்கினால் எங்கே போவது?

நானே பெயர் வைத்தால் அவை பொம்மைகள். நீ வைத்தால்தான் படை. டிசம்பருக்குள் வரவில்லை என்றால் அந்த மூன்றும் வீட்டிலேயே இருக்கும். மேசையில் இடம் காலியாகக் கிடக்கட்டும்.

கிளாரன்ஸ்

*

அத்திபெலே
14 அக்டோபர் 2024

கிளாரன்ஸ்,

ஆயுத பூஜைக்கு மங்கை என் தூரிகைகளைத் தேடி எடுத்து, வண்டிச் சாவி, ஸ்னேஹாவின் மடிக்கணினியோடு சேர்த்து வைத்துச் சந்தனம் இட்டாள். தூரிகைகள் காய்ந்து ஆணி மாதிரி இருந்தன. அதைப் பார்த்த பிறகு உன்னிடம் மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

நம் விதிகளில் பதினொன்றாவதை எடுத்துப் பார். உன் கையெழுத்துதான். 'களத்தில் நிற்க ஒரு படையாவது இல்லாத நாட்டுக்குப் பெயர் சூட்டும் உரிமை கிடையாது.' என் ஆட்கள் எல்லோரும் விழுந்த பிறகும் உன் படைகளுக்கு வாய்க்கு வந்த பெயரெல்லாம் வைத்துக்கொண்டிருந்தேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே நீ சேர்த்த விதி.

லக்கசாந்தியாவுக்கு இப்போது படை இல்லை. ஒரு முரசடிப்பவன்கூட இல்லை.

லக்கசந்திரா வீட்டைக் காலி செய்தபோது இங்கே வீடு முடியவில்லை. சாமான்களைப் பொம்மனஹள்ளியில் ஒரு கிடங்கில் போட்டோம். கனமான பெட்டி கீழே, லேசானது மேலே என்று அடுக்கினார்கள். ஈயம் அல்லவா, படை முழுவதும் கீழே. அந்த வருடம் பெய்த மழையில் கிடங்குக்குள் தண்ணீர் ஏறியது. மங்கையின் பட்டுப்புடவைகள் மேல் வரிசையில் பத்திரமாக இருந்தன. நான் என் பெட்டியைத் தூக்கினேன், அடி கழன்றுகொண்டது. மத்தியானத் தூக்கம் அப்படியே சேற்றுக்குள் விழுந்தது. "கழுவிப் பாக்கலாம்ப்பா" என்றாள் ஸ்னேஹா. வாளி வாளியாகக் கழுவினோம். பச்சை நிறம் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே ஈயம் வெள்ளை பூத்திருந்தது. கையைத் தொட்டால் கை வந்தது.

திரும்பத் தொடங்கியிருக்கலாம். யாரோடு சண்டை போடத் தொடங்குவது? நீதான் என்னை முடக்கி வைத்திருந்தாயே.

அதனால் நீ கேட்பதைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. உன் விதியை நீ மதிக்கிறாய் என்றால் நானும் மதிக்கிறேன். அனுதாபம் என்று ஏதாவது எழுதினாயோ, கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

சீனிவாசராகவன்

*

அடுகோடி
16 டிசம்பர் 2024

சீனி,

அனுதாபம் இல்லை. மழைக்காலத்தில் படையைத் தரையில் வைத்தவனைத் தளபதி என்று எந்த நாடும் சொல்லாது.

மேசை வைத்தேன். பலகையில் என் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார்கள். பழைய படைகளெல்லாம் நின்றன, நனைந்த பூனைகள் பாலத்தடியில். புதிய மூன்றும் வீட்டு அலமாரியில். சொன்னபடி செய்தேன். அந்த இடம் காலியாக இருந்தது, நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

கூட்டம் நன்றாகவே வந்தது. எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். சிறந்த தொகுப்பு என்று பரிசும் கொடுத்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில், முழுப் பெயரும் சொல்லி. டீனா முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. மேடையில் ஒருவர் என் பெயரைச் சொல்லி நான் ஏறியது இதுதான் முதல் தடவை.

கோப்பையோடு மேசைக்குத் திரும்பினேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஏதோ அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், ஐரின் என்று பெயர் சொன்னாள்.

"அங்கிள், சூப்பரா இருக்கு. ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லையே. இவங்க யார்கூட சண்ட போடறாங்க?"

நான் சட்டென்று, "அவரு ஊர்ல இல்ல" என்றேன்.

"எப்ப வருவாரு?"

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். எதிர்க்கரையில் வெறும் பச்சைத் துணிதான் விரித்திருந்தது. அதை நோக்கி என் பழைய பீரங்கிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது. யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து மார்தட்டுகிறவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும்.

கிளாரன்ஸ்

*

அடுகோடி
23 பிப்ரவரி 2025

லக்கசாந்தியாவின் வெளியுறவு அமைச்சருக்கு,

இத்துடன் ஒரு பெட்டி வரும். கொரியர்காரரிடம் தலைகீழாக வைக்க வேண்டாம் என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்லியிருக்கிறேன். நீயும் தரையில் வைக்காதே.

இது பரிசு அல்ல. படை இல்லாத நாட்டுக்குப் பெயர் சூட்டும் உரிமை இல்லை. என் மூன்று படைகளுக்குப் பெயர் வேண்டும். ஆகவே உனக்கு ஒரு படை இருந்தாக வேண்டும். இதில் பாசம் பரிவு ஒன்றும் இல்லை, இது வெளியுறவுக் கொள்கை.

ஷில்பாவிடம் புதிய வரைபடங்களைக் கொடுத்தபோது, "இது நம்ம ஆளுங்க இல்லயே சார்" என்றாள். தொப்பியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இல்ல. இவங்க எதிரி."

"எதிரிக்கு நீங்களே ஆள் சேத்து அனுப்பறீங்களா? அய்யோ சார், பக்கா தேசத்துரோகம்!"

உன் சீருடையைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தாயா? எதிரியின் உடை மனப்பாடமாக இல்லாதவன் என்ன தளபதி? உன் இலைப்பச்சையைக் கலந்து, பிடிக்காமல் கொட்டி, மறுபடி கலந்தேன். பாதி வேலையில் ஒரு பயம் வந்தது: என் சிவப்பைவிட உன் பச்சை நன்றாக வந்துவிடுமோ என்று. வந்துவிட்டது. வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துவிடலாமா என்று தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. மோசமான படையைத் தோற்கடித்து என்ன பெருமை? முதல் வரிசையில் மூன்றாவது ஆளைப் பார். அவன் முகம் மாதிரி ஒன்றை என் சொந்தப் படைக்குக்கூட நான் போட்டதில்லை.

இனி உன் விதிப்படியும் என் விதிப்படியும் ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. இது லக்கசாந்தியாவின் புதிய படை. எதிரி நான். பெயர் வைக்கும் உரிமை என்னுடையது. கொடியில் எழுதியிருக்கிறேன், எழுத்து சிறியது, கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

உதவியாளர் படை.

மாற்ற முடியாது. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது ஐந்தாவது விதி. எத்தனை பேர் சுற்றி நின்றாலும்.

கிளாரன்ஸ்

*

அத்திபெலே
9 மார்ச் 2025

அடகோவியாவின் மன்னர், தலைமைத் தளபதி, எதிரிநாட்டுப் படைகளுக்கு ஆள் சேர்ப்பவர் கிளாரன்ஸ் அவர்களுக்கு,

பெட்டி வந்தது. தரையில் வைக்கவில்லை. பீரோவின் மேல் தட்டில், மங்கையின் பட்டுப்புடவைகளைக் கீழே இறக்கிவிட்டு, அங்கே வைத்திருக்கிறேன். அதற்காக நான் வாங்கிய திட்டு தனிக் கடிதம்.

முதலில் புகார். எங்கள் காலர் வெள்ளை. ஆற்று ஒப்பந்தத்துக்குப் பிறகு மஞ்சளை விட்டுவிட்டு வெள்ளைக்கு மாறினோம். அந்த ஒப்பந்தத்தில் நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நீ எல்லாருக்கும் மஞ்சள் அடித்து அனுப்பியிருக்கிறாய். எட்டு வருடப் பகையை ஒரு வரி விடாமல் ஞாபகம் வைத்திருப்பவனுக்கு ஒரு காலர் ஞாபகம் இல்லை! திருத்த மாட்டேன். கிடங்கில் பழைய மஞ்சள் துணி மிச்சம் இருந்தது, அமைச்சர் அதையே தைக்கச் சொல்லிவிட்டார் என்று லக்கசாந்தியாவின் வரலாற்றில் எழுதிவிட்டேன்.

மூன்றாவது ஆளைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இதைப் பற்றி மேலே எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறும். ஏற்கெனவே ஏறியிருக்கிறது, இடம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: மழையில் போன என் பழைய படையில் இப்படி ஒருவன் இருந்ததில்லை.

கொடியை மங்கைதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "நன்னா வேணும் உங்களுக்கு! எட்டு வருஷம் காத்துண்டிருந்து வெச்சிருக்கான் பாருங்கோ!" ஐந்தாவது விதிப்படி நானும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன், கூடத்தின் நடுவில் நின்று. ஸ்னேஹா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படைக்கு ஏற்ற பெயர்.

இப்போது எனக்குப் படை இருக்கிறது. ஆகவே அதிகாரமும் இருக்கிறது. அடகோவியாவின் மூன்று புதிய படைகளுக்கு லக்கசாந்தியா இன்று சூட்டும் பெயர்கள், மாற்றுவதற்கில்லை:

காலாட்படை, 'எட்டாண்டுக் கோபம்'. அசையாது, ஆனால் அசைந்தால் நிற்காது என்று எதிர்பார்க்கிறேன்.

குதிரைப்படை, 'ஹோசூர் ரோடு குதிரைகள்'. அந்த ரோட்டு நெரிசலில் எப்போது கிளம்பினாலும் நேரத்துக்கு வந்து சேராது.

பீரங்கிப்படை, 'டீனாவின் பொறுமை'. இதைக் கண்டு உண்மையிலேயே பயப்படுகிறேன். வெடிக்கப்போகும் நாளில் நீ அருகில் இருக்காதே.

அடுத்த முறை பலகையில் இவற்றையும் எழுதச் சொல். உருவாக்கியவர் பெயருக்குக் கீழே, பெயர் சூட்டியவர் யார் என்றும் ஒரு வரி. விட்டுப்போனால் நான் எட்டு வருடம் பேச மாட்டேன்.

என் எண்ணை முடக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம். நமக்குத் தபால்தான் சரி. ஆகவே இதையே முறையான போர் அறிவிப்பாக எடுத்துக்கொள். பாலத்தைத் திரும்பக் கேட்கிறேன். வருகிற ஞாயிறு, உங்கள் காலைப் பூசை முடியும் நேரத்தில், உதவியாளர் படை அடுகோடியை நோக்கி அத்திபெலே சுங்கச்சாவடியைக் கடக்கும். வழியில் எங்கும் நிற்காது.

தடுக்க முடிந்தால் தடுத்துக்கொள்.

சீனி